பயிற்றுநர் வளர்ப்பது எதனை?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

பெரியகுளத்தில் ஆண்டுதோறும் கோடையில் நடைபெறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைக் காண, எங்கள் ஜெயமங்கலத்திலிருந்தும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்தும் இளைஞர்கள் திரளாகச் செல்வது வழக்கம். ஆட்டக்காரர்களின் பெயரெல்லாம் மறுநாள் டீக்கடையில் அடிபடும். கோட்டுக்கு வெளியே நின்று, தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தாரே ஒருவர், அந்தப் பயிற்றுநரின் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. அவரைப் போன்றோர் கையில் வளரும் பிள்ளைகளுக்கு ஆட்டத்தைத் தவிர வேறு என்ன கிடைக்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

நமக்கு அருகிலேயே ஒரு சான்று இருக்கிறது. மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி 1998இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்தார். அவரையும் அவர் தங்கையையும் வளர்த்தவர் தாய்வழிப் பாட்டி ஆரம்மாள். வயல்வேலைக்கும் செங்கல் சூளைக்கும் சென்று வயிறு கழுவிய அந்த மூதாட்டியிடம், "பேத்திகளையும் வேலைக்கு அனுப்பு" என்று சொன்னவர்கள் உண்டு. அவர் கேட்கவில்லை, பள்ளிக்கே அனுப்பினார்.

பள்ளி மாணவியர்க்கான மண்டல அளவிலான போட்டியில் வெறுங்காலோடு ஓடிய ரேவதியை, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்றுநர் கண்ணன் கண்டார். பயிற்சிக்கு அனுப்புமாறு கேட்டார். பாட்டி முதலில் ஒப்பவில்லை. கண்ணன் விடவில்லை, பேசி இணங்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் சேர்வதற்கும் விடுதியில் தங்குவதற்கும் வழிசெய்தார். காலணி, உணவு முதலியவற்றையும் கவனித்தார்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். காலை எப்படி எடுத்து வைப்பது, கையை எப்படி வீசுவது என்பதெல்லாம் பயிற்சியின் பிற்பகுதி. அதற்கு முன்பே பாட்டியின் வீட்டு வாசல், கல்லூரி அலுவலகம், விடுதி என்று ஒரு பெரிய ஓட்டத்தைப் பயிற்றுநர் ஓடி முடித்திருக்கிறார். ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் திறமை இல்லாததனாலன்று, அந்த முதல் ஓட்டத்தை ஓட ஆளில்லாததனாலேயே பெரும்பாலும் வாய்ப்புத் தவறிப் போகிறது.

மைதானத்திற்குள் வந்தபின் பயிற்றுநர் எப்படிப் பேசவேண்டும்? இதை அறிவியல் முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்டு ஸ்மித், பிராங்க் ஸ்மால் என்னும் இரு உளவியலாளர்கள் 1970களில், சிறுவர் பேஸ்பால் ஆட்டங்களில் பயிற்றுநர்களின் ஒவ்வொரு சொல்லையும் செயலையும் குறித்துவைத்து ஆராய்ந்தனர். பின்னர்ப் பயிற்றுநர்களுக்கென்றே ஒரு சிறு பயிற்சி வகுப்பை உருவாக்கினர். சில மணி நேர வகுப்புத்தான். அதன் சாரம் எளியது: முயற்சியைப் பாராட்டு; தவறு நேர்ந்தால் முதலில் ஓர் ஊக்கச் சொல், அடுத்துத் திருத்தும் முறை, மறுபடியும் ஓர் ஊக்கச் சொல்; ஏளனமும் தண்டனையும் வேண்டா.

பயன் என்ன? அவ்வழியில் நடந்த ஆய்வொன்று 1992இல் வெளியாயிற்று. வகுப்பில் பயின்ற பயிற்றுநர்களிடம் ஆடிய சிறுவர்களில் நூற்றுக்கு 5 பேரே மறு ஆண்டு ஆட்டத்தைக் கைவிட்டனர். பயிலாதவர்களிடம் ஆடியவர்களில் நூற்றுக்கு 26 பேர் விலகிவிட்டனர். இரு பிரிவினரின் வெற்றி தோல்விகளில் வேறுபாடு இல்லை என்பதுதான் வியப்பு! தன்னைத்தானே தாழ்வாக எண்ணிய சிறுவர்களிடத்தேதான் நல்ல மாற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. "நாலு போடு போட்டால்தான் பையன் உருப்படுவான்" என்று நம்மூரில் சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சற்றுப் பார்க்கலாம்.

உடலைப் பற்றியும் ஒரு சொல். வளரும் பருவத்தில் நீண்ட எலும்புகளின் முனைகளை ஒட்டிக் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தகடு இருக்கும். வளர்ச்சி முடிந்தபின்தான் அது முற்றிலும் எலும்பாக இறுகும். அதற்குள் இடைவிடாது குதித்தும் ஓடியும் பயிலும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே வீக்கமும் வலியும் உண்டாவதுண்டு. அதைச் சோம்பேறித்தனம் என்று வைது ஓடவைப்பது அறியாமை. ஓய்வு தருவதே முறை.

இனி நம் பக்கம் வருவோம். பொதுத்தேர்வு நெருங்கியதும் விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது. பெண்பிள்ளைகள் பெரியவளானதும் மைதானத்தை விட்டே நின்றுவிடுகிறார்கள். பெற்றோரின் அச்சத்தைப் படிக்காதவர்களின் பிற்போக்கு என்று நாம் தள்ளிவிடக் கூடாது. 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்றுநர், சிறுமியர்க்கு இழைத்த கொடுமை தொடர்பான புகாரில் போக்சோ சட்டப்படி கைதானார். பயிற்றுநரின் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்னும் நிலைதான் இத்தகைய கேட்டுக்கு இடம் தருகிறது. ஆகவே பயிற்சி திறந்த வெளியில், நாலுபேர் பார்வையில் நடக்கவேண்டும். பெற்றோர் எந்த நாளும் வந்து பார்க்கலாம் என்றிருக்கவேண்டும். பெண்கள் பயிலும் இடத்தில் ஒரு பெண் பொறுப்பாளர் இருக்கவேண்டும். இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஆரம்மாள் முதலில் மறுத்ததும் ஒரு பொறுப்பான மறுப்பே என்பது என் எண்ணம்.

நல்ல பயிற்றுநருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தாம் வளர்த்த பிள்ளையைத் தம்மினும் மேலான வசதி உள்ள இடத்திற்கு விட்டுக்கொடுப்பது. ஆட்டத்தில் தாமும் பெயரெடுக்க வேண்டும் என்னும் ஆசை யாருக்குத்தான் இராது? ரேவதி 2019 வரை கண்ணனிடம் பயின்றார். பின்னர் பாட்டியாலாவிலுள்ள தேசிய முகாமில் கலினா புகாரினா என்னும் பயிற்றுநரிடம் சேர்ந்தார். அதுவரை 100 மீட்டரும் 200 மீட்டரும் ஓடிவந்தவரை 400 மீட்டருக்கு மாறச் சொன்னவர் அவரே. கண்ணனும் அதற்கு இசைந்தார். 2021 ஜூலையில் நடந்த தேர்வு ஓட்டத்தில் ரேவதி 53.55 விநாடியில் முதலாவதாக வந்தார்.

அதே மாதம் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண், பெண் இருபாலரும் ஓடும் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் முகமது அனஸ், சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகியோருடன் ரேவதி ஓடினார். நால்வரில் மூவர் தமிழ்நாட்டினர். 3 நிமிடம் 19.93 விநாடியில் முடித்த அந்த அணி இறுதிச் சுற்றுக்குச் செல்லவில்லை. செங்கல் சூளையில் உழைத்த பாட்டியின் பேத்தி அப்போது பட்டதாரி. தென்னக ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தில் பணியிலும் இருந்தார்.