நோவைச் சொல்லும் முகமும் மொழியும்

மருத்துவர் குழந்தையைப் பார்த்துத்தான் வினவுகிறார். மறுமொழியோ தாயிடமிருந்து வருகிறது. பிள்ளையின் வலியைத் தாய் தன் அச்சத்தைக்கொண்டு அளக்கிறாள். தாதி தன் பழக்கத்தைக்கொண்டு அளக்கிறாள். நோவுக்கு உரியவன் வாய்மூடிக் கிடக்கிறான். வலி தணிக்கும் மருந்து எவ்வளவு தரப்படும் என்பது பெரும்பாலும் அந்த மறுமொழியைப் பொறுத்தது என்பதை எண்ணினால், இதனைச் சிறு பிழையென்று தள்ள முடியாது.

அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரில், தீக்காயமுற்ற சிறுவரிடையே இக்குறையைக் கண்டவர்கள் டான்னா வோங், கான்னி பேக்கர் என்னும் இரு பெண்மணிகள். 1980-களின் தொடக்கத்தில் அவர்கள் குழந்தைகளிடம் வெறும் வட்டங்களைக் கொடுத்து, வலியில்லாத முகம் முதல் மிக வலிக்கும் முகம் வரை வரையச் சொன்னார்கள். அவ்வோவியங்களிலிருந்து பிறந்ததே ஆறு முகங்கள் கொண்ட அட்டை. முதல் முகம் சிரிக்கும். அதற்கு மதிப்பு 0. இறுதி முகம் கண்ணீர் விடும். அதற்கு மதிப்பு 10. எண்ணத் தெரியாத மூன்று வயதுக் குழந்தையும் விரலால் சுட்டிவிடலாம். குழந்தையின் முகத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பெரியவர்கள் தாமே மதிப்பிடுதல் கூடாது என்பது இதன் விதி. சிரிப்பும் கண்ணீரும் வலியையும் மனநிலையையும் கலந்துவிடும் என்று மறுத்தவர்களும் உண்டு. 2001-இல் வெளிவந்த வேறொரு முகவரிசையில் முதல் முகம் சிரிப்பதில்லை. இறுதி முகம் அழுவதுமில்லை.

முகம் அளவைச் சொல்லும், வகையைச் சொல்லாது. வகைக்குச் சொல் வேண்டும். மலாய்மொழியில் 'சாக்கிட்' என்பது பிணிக்கும் வலிக்கும் பொது. தமிழிலும் நோய், நோவு ஆகிய இரண்டும் 'நோ' என்னும் ஓரடியிற் பிறந்தவையே. ஆயினும் அதற்கு மேலும் நம்மிடம் சொற்கள் உள்ளன: காதுக்குக் குடைச்சல், கண்ணுக்கு உறுத்தல், தசைக்கு உளைச்சல், புண்ணுக்கு எரிச்சல், விலாவுக்குக் குத்தல், கட்டிக்கு விண்விண்ணென்ற தெறிப்பு. ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒவ்வொரு தடயம். வீட்டில் இவை வழங்காமற்போனபின், பிள்ளைக்கு எல்லாமே 'வலிக்குது' ஆகிவிடுகிறது.

தமிழறியாத மருத்துவருக்குத் தாய் மொழிபெயர்க்கும்போது இழப்பு இன்னும் மிகும். "வயிற்றைப் பிசையுது" என்று பிள்ளை சொன்னதை அவள் வயிற்றுவலி என்றே சொல்லிவிடுகிறாள். விட்டுவிட்டுப் பற்றும் நோவு என்று பிள்ளை தன்னளவில் தெளிவாகவே சொல்லியிருந்தான்.