டர்போ இன்ஜினுக்கு எந்த கேம்ஷாஃப்ட்? ‘பெருசா போட்டா பவர்’ என்பது ஏன் தப்புக் கணக்கு?

2001-ல் வெளியான ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்’ படத்தில் வந்த ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ராவை கார் பிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தலைமுறை சுப்ராவின் புகழுக்குக் காரணம், அதன் டாப் மாடலில் இருந்த ‘2ஜேஇசட்-ஜிடிஇ’ இன்ஜின். 3 லிட்டர், 6 சிலிண்டர், 24 வால்வு, இரண்டு டர்போ. ஜப்பானில் 280 பிஎஸ் பவருடன் விற்பனைக்கு வந்த இந்த இன்ஜினை, 1,000 குதிரைத்திறனுக்கு மேல் கொண்டுபோன ட்யூனர்கள் உண்டு.

டர்போவை மாற்றிய பிறகு பலரும் அடுத்து கைவைப்பது கேம்ஷாஃப்டில்தான். இந்த இன்ஜினுக்கு 264, 272 என்ற எண்களில் கேம்ஷாஃப்ட்கள் விற்கப்படுகின்றன. ‘நம்பர் பெருசா இருந்தா பவரும் பெருசு’ என்று நம்பி வாங்கினால், பணமும் போய், கார் முன்பைவிட மந்தமாகவும் ஆகலாம். ஏன்?

கேம்ஷாஃப்ட் என்ன செய்கிறது?

சிம்பிளாகச் சொன்னால், இன்ஜினின் மூச்சுக்கு நேரம் குறிப்பது இதுதான். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். அதிலுள்ள முட்டை வடிவ மேடுகள் வால்வுகளை அழுத்தித் திறக்கும். வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது ‘லிஃப்ட்’. எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ‘டியூரேஷன்’. 264, 272 எல்லாம் இந்த டியூரேஷனைத்தான் டிகிரியில் சொல்கின்றன.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: ‘ஓவர்லேப்’. புகை வெளியேறும் வால்வு மூடி முடிப்பதற்குள், காற்று உள்ளே வரும் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சிக்கலே.

டர்போவில் என்ன பிரச்சினை?

டர்போ இல்லாத இன்ஜினில் ஓவர்லேப் நண்பன். வேகமாக வெளியேறும் புகை, புதுக் காற்றையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொடுக்கும்.

டர்போ இன்ஜினில், புகை போகும் வழியில் டர்பைன் குறுக்கே நிற்கிறது. அதனால் புகைப் பக்கம் அழுத்தம் ஏறும். காற்று வரும் பக்கம் 1 பார் பூஸ்ட், புகைப் பக்கம் 2 பார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வால்வும் திறந்திருக்கும்போது என்ன ஆகும்? சூடான புகை திரும்ப உள்ளேயே வரும். புதுக் காற்றுக்கு இடம் குறையும், சிலிண்டர் சூடேறும், ‘நாக்கிங்’ ஆபத்தும் கூடும். ஓவர்லேப் அதிகமாக அதிகமாக இந்தத் தொல்லையும் அதிகமாகும்.

அப்போ எப்படித் தேர்வு செய்வது?

முதலில் பார்க்க வேண்டியது டர்போவை. டர்போ சின்னதாக இருந்தால், ஆர்பிஎம் ஏற ஏறப் புகைப் பக்க அழுத்தம் பூஸ்ட்டைத் தாண்டிவிடும். அதற்கு ஓவர்லேப் குறைந்த, மிதமான டியூரேஷன் உள்ள கேம் போதும்.

பெரிய டர்போவில் இரு பக்க அழுத்தமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். சில நேரம் புகைப் பக்கம் குறைவாகக்கூட இருக்கும். அங்கே 272 போன்ற கேம் உயர் ஆர்பிஎம்மில் நன்றாக வேலை செய்யும். ஆனால் விலை உண்டு: கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும், டர்போ பிடிக்கத் தாமதமாகும், ஐடிலிங் ஆட்டம் காணும். டிராக்கில் ஓட்டுபவருக்கு இது ஓகே. தினமும் டிராஃபிக்கில் ஆபீஸ் போகிறவருக்கு?

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பிரஷர் சென்சார் பொருத்தி அளந்து பார்த்தால், ஊகத்துக்கே இடமில்லை.

ஒரு சின்னக் கணக்கு

இரண்டு கேம்களின் உச்சிகளுக்கு இடையே உள்ள கோணம் ‘லோப் செபரேஷன்’. இரண்டு கேமும் ஒரே டியூரேஷன் என்றால், அதிலிருந்து இந்தக் கோணத்தின் இரு மடங்கைக் கழித்தால் ஓவர்லேப் கிடைக்கும்.

• 264 கேம், 110 டிகிரி கோணம்: ஓவர்லேப் 44 டிகிரி
• 272 கேம், 110 டிகிரி கோணம்: 52 டிகிரி
• 272 கேம், 114 டிகிரி கோணம்: மீண்டும் 44 டிகிரி

அதாவது, டியூரேஷன் எண் மட்டும் முழுக்கதையைச் சொல்லாது. இரண்டு கேம் தனித்தனியாக இருக்கும் இன்ஜின்களில், அட்ஜஸ்டபிள் கேம் கியர் மூலம் இந்தக் கோணத்தை ஓரளவு மாற்றலாம். இன்னொன்று: எந்த லிஃப்டிலிருந்து டியூரேஷனை அளக்கிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு பிராண்டுகளை ஒப்பிடும்போது, இரண்டும் 1 மி.மீ. லிஃப்டில் அளந்ததா என்று கேட்டுவிடுவது நல்லது.

கேம் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. லிஃப்ட் கூடினால் வால்வு பிஸ்டனில் இடிக்க வாய்ப்புண்டு. மெக்கானிக்குகள் பிஸ்டன் மேல் களிமண் வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றி, எவ்வளவு இடைவெளி மிச்சம் என்று பார்ப்பார்கள்.

வால்வு ஸ்பிரிங்கும் முக்கியம். 34 மி.மீ. அகல வால்வின் பின்பக்கத்தை 1 பார் பூஸ்ட் சுமார் 9 கிலோ விசையுடன் தள்ளும். ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் வால்வு சரியாக மூடாது. இதற்கெல்லாம் பிறகு இசியூ ட்யூனிங்கும் கட்டாயம். பட்ஜெட் போடும்போதே இவற்றைச் சேர்த்துக்கொள்ளணும்.

எனவே கடைக்காரர் ‘எந்த நம்பர் வேணும்?’ என்று கேட்கும் முன், சொல்ல வேண்டிய பதில்கள் மூன்று: என்ன டர்போ, புகைப் பக்கம் எவ்வளவு அழுத்தம், எந்த ஆர்பிஎம்மில் பவர் வேண்டும். இவை தெரிந்தால் நம்பர் தானாக வந்துவிடும்.