இரண்டு சட்டைகள் – 7: பிரேசிலுக்குத் தெரியாத பிரேசில்காரர்

2013 அக்டோபர் 29. பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்புக்கு நோட்டரி முத்திரையோடு ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது. எழுதியவர் டியேகோ கோஸ்டா, வயது 25, அட்லெட்டிகோ மாட்ரிட்டின் ஸ்ட்ரைக்கர். இனி ஸ்பெயின் நாட்டு அணிக்குத்தான் ஆடுவேன், பிரேசில் என்னை அழைக்க வேண்டாம் என்பது கடிதத்தின் சாரம். பிரேசில் பயிற்சியாளர் லூயிஸ் ஃபெலிப்பே ஸ்கொலாரி அன்றே சூடாகப் பதில் கொடுத்தார். சொந்த மண்ணில் நடக்கப்போகும் உலகக் கோப்பையில் நம் சட்டையை வேண்டாம் என்கிறவர், கோடிக்கணக்கான மக்களின் கனவையே உதறிவிட்டுப் போகிறார் என்று சாடினார். கோஸ்டாவின் பிரேசில் குடியுரிமையையே ரத்து செய்ய வேண்டும் என்ற பேச்சுகூடக் கூட்டமைப்பின் சட்டத் தரப்பிலிருந்து எழுந்தது.

அன்றிலிருந்து பிரேசிலில் அவருக்குத் துரோகி என்று பெயர். அந்தப் பழி அநியாயமானது என்பது என் கட்சி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு அவர் பிறந்த ஊரிலிருந்தே தொடங்க வேண்டும்.

பிரேசிலின் வடகிழக்கில் செர்ஜிப்பே என்றொரு மாநிலம். பரப்பளவில் அந்நாட்டின் மாநிலங்களிலேயே மிகச் சிறியது. அங்குள்ள லகார்ட்டோ என்ற ஊரில் 1988 அக்டோபர் 7 அன்று கோஸ்டா பிறந்தார். அப்பாவுக்குக் கால்பந்துப் பித்து. மூத்த மகனுக்கு 1970 உலகக் கோப்பை நாயகன் ஜயர்சின்யோவை நினைத்து ஜயர் என்று பெயர் வைத்தார். இளையவனுக்கு மரடோனாவின் பெயரான டியேகோ. அர்ஜென்டினாவைப் பரம எதிரியாகப் பார்க்கும் நாட்டில் ஒரு தகப்பன் அப்படிப் பெயர் வைக்க எவ்வளவு ரசனை வேண்டும்!

பதின்ம வயதில் பையன் சாவோ பாலோவுக்குப் போனான். அகாடமியில் சேர்வதற்காக அல்ல, மாமா கடையில் வேலை பார்க்க. வேலைக்கு நடுவே, பெயரில் மட்டும் பார்சிலோனாவைச் சுமந்திருந்த ஒரு சின்ன கிளப்பில் ஆடினான். சாண்டோஸ், ஃபிளமெங்கோ போன்ற எந்தப் பெரிய கிளப்பின் இளையோர் அணி வாசலையும் அவன் மிதித்ததில்லை. பந்தை எப்படி நிறுத்துவது, உடம்பை எங்கே வைப்பது என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. தெருவில் கற்ற ஆட்டம் அது. மைதானத்தில் அவர் கடைசிவரை இழுத்துவந்த சண்டைக்குணத்தின் வேரும் அங்கேதான் இருக்கிறது. எதிராளியை அறைந்து, நடுவரைத் திட்டி, நான்கு மாதத் தடை வாங்கிய பையனைத்தான் போர்ச்சுகல் ஏஜென்ட் ஜோர்ஜ் மெண்டெஸின் ஆட்கள் பொறுக்கியெடுத்தார்கள்.

2006-இல், 17 வயதில், போர்ச்சுகலின் பிராகா கிளப்பில் சேர்ந்தார். பிரேசிலின் முதல் டிவிஷனில் ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நாட்டைவிட்டுப் போய்விட்டார் என்பதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிரேசில் ரசிகனுக்கு அவர் முகம் தெரியாது. கைதட்ட ஒரு கோலைக்கூட அவர் அங்கே போட்டதில்லை.

அடுத்த ஆறு வருடங்களும் அலைச்சல். அட்லெட்டிகோ மாட்ரிட் வாங்கியது. வாங்கிய கையோடு லோனில் அனுப்பியது. செல்ட்டா வீகோ, அல்பசேத்தே இரண்டும் அப்போது ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷன். பிறகு வயாடோலிட் கிளப்புக்கே விற்றுவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்ப வாங்கினார்கள். 2011-இல் முழங்கால் தசைநார் அறுந்து மாதக்கணக்கில் படுக்கை. 2012 ஜனவரியில் மறுபடி லோன், இந்த முறை மாட்ரிட்டின் உழைக்கும் மக்கள் வாழும் வயேகாஸ் பகுதியின் கிளப்பான ராயோ வயேகானோவுக்கு. அரை சீசனில் 10 கோல் போட்டார். ராயோ கடைசி நாளில் முதல் டிவிஷனில் தப்பிப் பிழைத்தது.

இந்த அலைச்சலைப் புரிந்துகொள்ள ஒரு விதி தெரிய வேண்டும். ஸ்பெயின் லீகில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் ஒரு கிளப்பில் மூன்று பேர்தான் இருக்கலாம். பிரேசில், அர்ஜென்டினாக்காரர்கள் நிறைந்த லீகில் அந்த மூன்று இடத்துக்குக் கடும் அடிதடி. ஸ்பெயின் பாஸ்போர்ட் கையில் வந்துவிட்டால் அந்தக் கணக்கிலிருந்தே விடுதலை. அதற்கு ஸ்பானியச் சட்டமும் வழி வைத்திருக்கிறது. மற்ற நாட்டவர் பத்து வருடம் அங்கே சட்டப்படி வாழ்ந்தால்தான் குடியுரிமை கேட்க முடியும். லத்தீன் அமெரிக்க நாடுகளில் பிறந்தவர்களுக்கு இரண்டே வருடம் போதும். பழைய குடியுரிமையை விடவும் வேண்டாம். பேரரசாக இருந்து பிடித்த மண்ணின் மக்களுக்கு வைத்த சலுகை. பிரேசில் போர்ச்சுகல் ஆண்ட நாடு என்றாலும் அந்தப் பட்டியலில் அதற்கும் இடமுண்டு. ஆக, தென் அமெரிக்க ஆட்டக்காரர்கள் ஸ்பெயின் பாஸ்போர்ட் எடுப்பது அன்றாட நடைமுறை. 2013 ஜூலையில் கோஸ்டாவும் எடுத்தார்.

அதற்குள் அவர் பெரிய ஆளாகிவிட்டிருந்தார். டியேகோ சிமியோனே பயிற்சியாளராக வந்தபின் அட்லெட்டிகோ வேறு அணியானது. 2013 மே 17 அன்று அரசர் கோப்பை இறுதி ஆட்டம், ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில். ரொனால்டோ முதல் கோல் போட, கோஸ்டா சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மிராண்டா தலையால் முட்டி வென்றுகொடுத்தார். உள்ளூர் எதிரியை அட்லெட்டிகோ வென்றது 14 ஆண்டுகளுக்குப் பிறகு.

இதற்கிடையில் 2013 மார்ச்சில்தான் பிரேசில் அவரை முதன்முறையாகக் கூப்பிட்டது. ஜெனீவாவில் இத்தாலியோடு ஒரு ஆட்டம், நான்கு நாள் கழித்து லண்டனில் ரஷ்யாவோடு ஒன்று. இரண்டும் நட்பு ஆட்டங்கள். இரண்டிலும் பாதிக்குப் பிறகு மாற்று ஆளாக இறக்கினார்கள். அந்த ஜூனில் பிரேசிலில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக்கு ஸ்கொலாரி அவரைச் சேர்க்கவில்லை. ஃப்ரெட், ஜோ இருவரையும் ஸ்ட்ரைக்கர்களாக எடுத்துக்கொண்டார். கோப்பையும் வென்றார்கள், கோஸ்டாவை யாரும் தேடவில்லை.

தேடத் தொடங்கியது செப்டம்பரில், ஸ்பெயின் அவரைக் கேட்டது என்ற செய்தி வந்த பிறகு. அப்போதைய ஃபிஃபா விதிப்படி, நாட்டு அணிக்காக அதிகாரபூர்வப் போட்டி எதிலும் ஆடாதவர், நட்பு ஆட்டங்கள் மட்டும் ஆடியவர், இன்னொரு நாட்டுக்கு ஒருமுறை மாற முடிந்தது. கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் ஒரு நிமிடம் அவரை இறக்கியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். கதவைத் திறந்து வைத்தது ஸ்கொலாரிதான்.

பிரேசிலில் பிறந்து வேறு நாட்டுக்கு ஆடிய முதல் ஆளா கோஸ்டா? இல்லவே இல்லை. 2008-இல் ஸ்பெயின் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது நடுக்களத்தைத் தாங்கிய மார்க்கோஸ் சென்னா சாவோ பாலோவில் பிறந்தவர். போர்ச்சுகலுக்கு டெக்கோ, இத்தாலிக்குத் தியாகோ மோட்டா, குரோஷியாவுக்கு எடுவார்டோ. பிரேசிலில் இவர்களுக்காக யாரும் தெருவில் இறங்கிக் கத்தவில்லை. கோஸ்டாவிடம் மட்டும் கோபம் பொங்கியதற்குக் காரணம், 2013–14 லீகில் 27 கோல் அடித்து அட்லெட்டிகோவைச் சாம்பியனாக்கிய அந்த ஸ்ட்ரைக்கர் அப்போது பிரேசிலுக்கு அவசரமாகத் தேவைப்பட்டார். தேவைப்படும்போது மட்டும் நினைவுக்கு வரும் சொந்தத்தைச் சொந்தம் என்று எப்படிச் சொல்வது?

இந்திய வாசகர்களுக்கு இந்த மாறுதல் விநோதமாகப்படலாம். நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர் இந்திய அணியில் ஆட முடியாது. ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா, அப்பா இந்தியர் என்றாலும், ஜப்பான் குடியுரிமையைத் துறந்த பிறகுதான் 2013-இல் இந்தியாவுக்கு ஆட முடிந்தது. கோஸ்டா எதையும் துறக்கவில்லை. அதுவே அவர் மீதான கோபத்தைக் கூட்டவும் செய்தது.

2014 ஜூன் 13, சல்வடோர் நகரத்தின் ஃபோன்ட்டே நோவா மைதானம். நம் நேரப்படி நள்ளிரவு 12.30 மணிக்கு விழித்திருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஆட்டம் மறந்திருக்காது. நடப்புச் சாம்பியன் ஸ்பெயின், எதிரே நெதர்லாந்து. செர்ஜிப்பேயை ஒட்டிய பாஹியா மாநிலத்தின் தலைநகரம் அது. கோஸ்டாவுக்கு ஏறக்குறைய சொந்த ஊர் ஆட்டம். அவர் காலில் பந்து பட்டபோதெல்லாம் ஏறத்தாழ 48,000 பேர் நிறைந்த அரங்கில் ஊளைச் சத்தம் எழுந்தது. காது கூசும் வசையையும் கூட்டமாகப் பாடினார்கள். 27-ஆவது நிமிடத்தில் அவர் வாங்கிக்கொடுத்த பெனால்ட்டியை சாபி அலோன்சோ கோலாக்கினார். அப்புறம் வான் பெர்சியின் அந்தப் பறந்த தலையடி. ஸ்பெயின் 1–5 என்று சிதறியது. ஐந்து நாள் கழித்து மரகானாவில் சிலி 2–0 என்று முடித்துவைத்தது. இரண்டு ஆட்டத்திலும் கோஸ்டாவைப் பாதியில் எடுத்துவிட்டார்கள். கோல் இல்லை.

உண்மையில் அவர் அந்த உலகக் கோப்பைக்கு முழு உடம்போடு வரவில்லை. மே மாதம் தொடைத் தசை கிழிந்தது. சாம்பியன்ஸ் லீக் இறுதிக்காக பெல்கிரேடு போய், குதிரையின் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த திரவத்தைத் தடவித் தேய்க்கும் சிகிச்சை எடுத்தார். இறுதி ஆட்டம் நடந்த லிஸ்பனில் ஒன்பதே நிமிடத்தில் வெளியேறினார். அந்தக் காலோடு அவரை ஸ்பெயின் பிரேசிலுக்கு அழைத்துப்போனது தவறு என்றே படுகிறது.

ஜூலை 8 அன்று பெலோ ஹரிசோண்ட்டேயில் ஜெர்மனி 7–1 என்று பிரேசிலைச் சவுக்கால் அடித்ததுபோல் அடித்தது. அன்று அந்த அரங்கம் ஊளையிட்டது தன் சொந்த ஸ்ட்ரைக்கர் ஃப்ரெட்டைப் பார்த்து.

அந்த உலகக் கோப்பைக்குப் பிறகு கோஸ்டா லண்டனின் செல்சி கிளப்புக்குப் போனார். அங்கே இரண்டு லீக் பட்டம், இரண்டு சீசனில் தலா 20 கோல். பயிற்சியாளர் கொன்ட்டே 2017-இல் நீ தேவையில்லை என்று குறுஞ்செய்தி அனுப்ப, மனிதர் லண்டனுக்குத் திரும்பாமல் லகார்ட்டோவிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மறுபடி அட்லெட்டிகோ. இவற்றை விரித்து எழுத இன்னொரு அத்தியாயம் வேண்டும்.

ஆனால் 2018 ஜூன் 15, சோச்சியை விட்டுவிட்டு நகர முடியாது. ஸ்பெயின், போர்ச்சுகல். 24-ஆவது நிமிடம், ஸ்பெயின் ஒரு கோல் பின்தங்கியிருக்கிறது. பின்னாலிருந்து புஸ்கெட்ஸ் நெடும்பந்து ஒன்றைத் தூக்கிப் போடுகிறார். கோஸ்டாவும் போர்ச்சுகல் தடுப்பாளர் பெப்பேயும் ஒன்றாக எழும்புகிறார்கள். கோஸ்டாவின் முன்கை பெப்பேயின் முகத்தில் இடிக்கிறது, பெப்பே விழுகிறார். விசில் வரவில்லை. பந்து கோஸ்டா காலில். ஃபொண்ட்டேயை இப்படியும் அப்படியும் ஆட்டி, இடைவெளி கிடைத்ததும் தாழ்வாக மூலைக்கு ஒரு அடி. வீடியோ நடுவர் பார்த்தும் கோல் நின்றது. ஃபவுல் கொடுத்திருந்தாலும் தப்பில்லை என்பேன்.

மோதிய இருவரையும் பாருங்கள். பெப்பே பிறந்தது பிரேசிலின் அலகோவாஸ் மாநிலத்து மசேயோ நகரில். அலகோவாஸுக்கும் செர்ஜிப்பேக்கும் நடுவே ஓடுவது சாவோ பிரான்சிஸ்கோ ஆறு. ஆற்றின் இக்கரையிலிருந்து ஒருவர், அக்கரையிலிருந்து ஒருவர். இருவரும் பதின்ம வயதில் போர்ச்சுகலுக்குக் கப்பலேறியது போலப் போனவர்கள். பெப்பேயைத் துரோகி என்று பிரேசிலில் யாரும் அழைத்ததாக நான் படித்ததில்லை. அந்த உலகக் கோப்பையில் கோஸ்டா மூன்று கோல் போட்டார். ஸ்பெயினுக்காக மொத்தம் 24 ஆட்டம், 10 கோல்.

2021 ஆகஸ்டில், 32 வயதில், முதல்முறையாக பிரேசிலின் முதல் டிவிஷனில் ஆட வந்தார். கிளப், பெலோ ஹரிசோண்ட்டேயின் அட்லெட்டிகோ மினெய்ரோ. 2014-இல் பிரேசிலுக்கு ஆடிய ஹல்க் அங்கே அவருடைய சகா. 1971-க்குப் பிறகு லீக் பட்டம் காணாத கிளப் அந்த ஆண்டு டிசம்பர் 2 அன்று சாம்பியனானது, சல்வடோரின் அதே ஃபோன்ட்டே நோவாவில். பிரேசில் கோப்பையும் சேர்ந்து வந்தது. கோஸ்டா ஐந்தே கோல்தான் அடித்தார், சில மாதத்தில் கிளம்பியும் விட்டார். ஆனாலும் 2014-இல் ஊளையிட்ட நாட்டின் ஒரு பெருங்கூட்டம் தன் சட்டையில் அவரை ஏற்றுக்கொண்டது.

இங்கிலாந்தின் வுல்வ்ஸில் ஒரு சீசன் முடித்துவிட்டு 2023-இல் மறுபடி திரும்பினார், ரியோவின் பொட்டாஃபோகோவுக்கு. அந்த அக்டோபரில் பிரேசில் தன் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தியது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால், சில விலக்குகள் தவிர, பிரேசில் குடியுரிமை போய்விடும் என்ற பழைய விதி நீக்கப்பட்டது. பிறப்பால் பிரேசிலியரானவர் தானே எழுதிக்கொடுத்துக் கேட்டால் மட்டுமே இனி அதை இழப்பார். பத்தாண்டுக்கு முன் கோஸ்டாவின் தலைக்கு மேல் ஆட்டிக்காட்டப்பட்ட கத்தி சட்டப் புத்தகத்திலிருந்தே போய்விட்டது. அடுத்த ஆண்டு போர்ட்டோ அலெக்ரேயின் கிரெமியோவில் ஆடினார். 2024 மே மாதம் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தை வெள்ளம் மூழ்கடித்தபோது, மீட்பு வேலையில் இறங்கிய ஆட்டக்காரர்களில் அவரும் ஒருவர்.

அடுத்த வாரம்: ஒரே அப்பாவுக்குப் பிறந்து, ஒருவர் கானாவுக்கும் ஒருவர் ஜெர்மனிக்கும் எதிரெதிரே நின்று ஆடிய பெர்லின் சகோதரர்கள் பொவாட்டெங்.

(தொடரும்)