மருந்து ஜன்னலுக்கு வெளியே



பார்மசி என்றால் மருந்து கொடுக்கும் ஜன்னல் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கிளினிக்கல் பார்மசிஸ்ட் அந்த ஜன்னலை விட்டு வார்டுக்கு வருகிறவர். நோயாளி வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிட்டார், புது மருந்து அவற்றோடு ஒத்துப்போகுமா, சிறுநீரகம் தாங்குமா என்று கேஸ் ஷீட்டைப் பார்த்து டாக்டருக்குச் சொல்லுவார். இன்சுலின் 4 யூனிட் என்பதற்கு, எண்ணை ஒட்டி ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் கிறுக்கினால் அதை 40 என்று வாசித்துவிடலாம். பத்து மடங்கு! ஆகவே 'யூனிட்' என்று முழுமையாக எழுத வேண்டும் என்பது விதி.

நம் நாட்டில் பார்ம்.டி. படிப்பு 2008-இல் தொடங்கியது. நோயாளிக்கு மருந்தைப்பற்றி விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று 2015 ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. ஏட்டில் குறைவில்லை. ஆனால் கொள்முதல், இருப்பு, ஜன்னல் மூன்றையும் ஒருவரே பார்க்கும் சிறு ஆஸ்பத்திரியில் வார்டுக்கு யார் போவது? ஸ்கேன் கருவிக்குக் கொடுக்க மனமுள்ளவர்கள் உண்டு. இவருடைய சம்பளத்துக்குக் கொடுப்பவர்கள் அரிது. அடுத்தமுறை ஆஸ்பத்திரியைப் பார்க்க வரும்போது, கட்டடத்தோடு நின்றுவிடாமல், கேஸ் ஷீட்டை மருந்தாளுநர் பார்த்தாரா என்றும் கேளுங்கள்.