வியர்வையில் தேடிய காதல்

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 13 கட்டடங்கள், 18,720 பேர் தங்க இடம். பெண்கள் விடுதி என்றாலே பலரும் சொல்லும் ஒரு பேச்சு உண்டு: ஒரே அறையில் சில மாதம் இருந்தால் எல்லோருக்கும் பீரியட்ஸ் ஒரே சமயத்தில் வரத் தொடங்கிவிடும். இதை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர் மார்த்தா மெக்ளின்டாக். அமெரிக்கக் கல்லூரி விடுதியில் 135 மாணவிகளின் தேதிகளைத் திரட்டி 1971இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அக்குளிலிருந்து பரவும் ஃபெரோமோன்தான் இதற்குக் காரணமாகலாம் என்று 1998இல் இன்னோர் ஆய்வையும் வெளியிட்டார். ஒருத்தியின் வியர்வை இன்னொருத்தியின் மாதச் சுழற்சியையே நகர்த்துமென்றால், ஆணையும் பெண்ணையும் ஒருவர்பால் ஒருவர் இழுக்கும் வாசனையும் நம் உடலில் இருக்க வேண்டுமே!

ஓர் உயிர் வெளியே விட, அதே இனத்தின் இன்னோர் உயிரிடம் திட்டமான ஒரு விளைவை உண்டாக்கும் வேதிப்பொருளே ஃபெரோமோன். அதன் வரலாறு காஞ்சிப் பட்டுக்கு நூல் தரும் அதே பூச்சியில்தான் தொடங்குகிறது. தறிக்குப் போகும் பட்டுக்கூடு, உள்ளே இருக்கும் புழு அந்துப்பூச்சியாகி வெளிவருமுன்பே கொதிநீரில் இடப்படுகிறது. வெளிவர விட்டால், பெண் அந்து தன் வயிற்று நுனியிலிருந்து ஒரு பொருளைக் கசியவிடும். ஜெர்மானிய வேதியியலாளர் அடோல்ஃப் பூட்டனான்ட் அதைப் பிரித்தெடுக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உழைத்தார். சுமார் 5 லட்சம் பெண் அந்துகளிலிருந்து கிடைத்தது சில மில்லிகிராம்தான். 1959இல் அதற்கு பாம்பிகால் என்று பெயரிட்டார். ஆண் அந்தின் இறகு போன்ற உணர்கொம்பில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன. அவற்றில் பாம்பிகாலின் ஒரே ஒரு மூலக்கூறு பட்டால்கூட ஒரு நரம்புத் துடிப்பு எழும். சில நூறு பட்டுவிட்டால் போதும், ஆண் சிறகடித்தபடி பெண்ணைத் தேடி நடக்கத் தொடங்கிவிடும்.

நெல்வயலில் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் இதே தந்திரம்தான். குருத்துப்பூச்சியின் பெண் வாசனை இரண்டு பொருள்களின் கலவை. விகிதம் மூன்றுக்கு ஒன்று. அதைச் செயற்கையாகக் கலந்து தொங்கவிட்டால் ஆண் பூச்சிகள் தேடி வந்து விழுகின்றன.

பாலூட்டிகளிலும் இது உண்டு. ஆண் பன்றியின் எச்சில் நுரையில் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற பொருள் இருக்கிறது. பருவத்துக்கு வந்த பெண் பன்றி அதை முகர்ந்தால் இணைசேர ஏதுவாக அசையாமல் நின்றுவிடும். பண்ணைகளுக்கு இது ஸ்பிரேயாகவே விற்கப்படுகிறது. அதே பொருள் மனித வியர்வையிலும் சிறிதளவு உண்டு என்றதும் பலருக்கும் ஆசை பிறந்தது. ஆனால் நம்மிடம் அது செய்யும் வேடிக்கை வேறு. சிலருக்கு அது மூத்திர நாற்றம், சிலருக்கு வெனிலா போன்ற இனிப்பு, சிலருக்கு மணமே தெரியாது. மூக்கிலுள்ள ஒரு வாசனை ஏற்பியின் மரபணு ஆளுக்கு ஆள் மாறுவதே இதற்கு முக்கியக் காரணம் என்று 2007இல் கண்டறிந்தார்கள். இதன் உறவுப் பொருளான ஆண்ட்ரோஸ்டாடையினோனும் ‘காதல் வாசனை’ என்று புகழப்பட்டது. 2017இல் ஆஸ்திரேலியாவில் அதை முகரவைத்து முகப் படங்களைக் காட்டிக் கேட்டார்கள். யாருடைய அழகும் கூடவில்லை.

அக்குள் வாடையே ஒரு கூட்டுத் தயாரிப்பு என்பது இன்னும் வியப்பு. அக்குளில் சுரக்கும் புது வியர்வைக்கு வாடை கிடையாது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்ற பாக்டீரியா, அதிலுள்ள மணமற்ற ஒரு துணுக்கைத் தன் உடலுக்குள் இழுத்து வெட்டி, கந்தகம் கலந்த காரமான வாடையாக வெளியே விடுகிறது. அந்தத் துணுக்கைச் சுரப்பிக்குள் அனுப்பும் மரபணு ஏபிசிசி11. அதில் ஒரே எழுத்து மாறியிருந்தால் அக்குளில் வாடை மிக மிகக் குறைவு. காதுக் குறும்பியும் காய்ந்து பொடியாக இருக்கும். கொரியர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த வகையினர். அக்குள் வாடை ஏறக்குறைய இல்லாமலே ஒரு நாடு காதலித்து, குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கிறது. காதலின் மருந்தை அக்குளில் தேடுவோர்க்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை என்பேன்.

விடுதிப் பேச்சு என்ன ஆனது? சீனாவில் விடுதிகளில் வாழ்ந்த 186 பெண்களின் தேதிகளை ஓராண்டுக்கும் மேல் பதிந்து பார்த்த ஆய்வு 2006இல் வந்தது. சுழற்சிகள் ஒன்றுசேரவில்லை. பிறகு ஏன் ஒன்றுசேர்ந்தது போலத் தோன்றுகிறது? கணக்குதான். ஓர் அறையில் ஆறு பேர், ஆளுக்கு 5 நாள் என்றால் மொத்தம் 30 நாள். சுழற்சியோ 28 நாள். யாராவது இருவருக்கு ஒரு நாளாவது சேர்ந்து வந்தே தீரும்! ஒருத்திக்கு 28 நாளும் இன்னொருத்திக்கு 30 நாளும் என்றால், வெவ்வேறு இடைவெளியில் ஓடும் இரண்டு கம்பெனி பஸ்கள் எப்போதாவது ஒரே ஸ்டாப்பில் சந்திப்பதுபோல, தேதிகள் சில மாதம் நெருங்கி வரும், பிறகு விலகும். நெருங்கிய மாதங்கள்தான் நினைவில் நிற்கின்றன.

வாசனைக்கு நம் வாழ்வில் வேலையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1995இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 44 ஆண்கள் இரண்டு இரவு அணிந்த டி-ஷர்ட்டுகளைப் பெண்கள் முகர்ந்து மதிப்பெண் தந்தார்கள். தங்களுடையதிலிருந்து வேறுபட்ட நோயெதிர்ப்பு மரபணுக்கள் கொண்ட ஆண்களின் வாடை அவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது. கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இது தலைகீழானது. பின்னாளில் வந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. அப்படியே உண்மையானாலும் இது ஃபெரோமோன் ஆகாது: பாம்பிகால் எல்லாப் பெண் அந்துகளிடமும் ஒன்றே, இதுவோ ஆளுக்கு ஆள் வேறு.

மனித ஃபெரோமோன் என்ற பெயருக்கு இப்போது மிக நெருங்கி நிற்பது காமத்தோடு தொடர்பே இல்லாத ஒன்று. பாலூட்டும் தாயின் முலைக்காம்பைச் சுற்றிய கரிய வட்டத்தில் சின்னஞ்சிறு சுரப்பிகள் புடைத்திருக்கும். 2009இல் பிரான்சில், அவற்றின் கசிவைப் பிறந்து மூன்று நாளான குழந்தைகளின் மூக்கருகே, தூக்கத்திலேயே காட்டினார்கள். பெற்ற தாயுடையது அல்ல, முன்பின் அறியாத வேறு தாயுடையது. குழந்தைகள் மூச்சை ஆழ இழுத்து, நாக்கை நீட்டி, சப்பத் தொடங்கின. அந்தக் கசிவில் எந்த மூலக்கூறு இதைச் செய்கிறது என்று தேடுவதுதான் அடுத்த வேலை.