டூரிங் மோட்டார் சைக்கிள்: புதியதா, பாவித்ததா?

மலைப்பாதையிலும் மண்பாதையிலும் நீண்ட தூரம் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட உயரமான மோட்டார் சைக்கிள்களை 'அட்வென்ச்சர் டூரிங்' வகை என்று அழைக்கிறார்கள். பெரிய முன்சில்லு, நீளமான ஷொக் அப்சோபர், என்ஜினுக்குக் கீழே ஒரு பாதுகாப்புத் தகடு, பின்னால் பெட்டி கட்டுவதற்கான ராக் என்பன இவற்றின் அடையாளங்கள். இவற்றை இளைஞர்களின் பொழுதுபோக்குச் சாமான் என்றே நம்மில் பலர் நினைத்து வந்தோம். ஆனால் இன்று அறுகம்பை, எல்ல போன்ற இடங்களில் உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்கும், பாதை சரியில்லாத கிராமங்களுக்குப் போய் ஓடர் எடுப்பதற்கும் இவற்றை வாங்க நினைக்கும் சிறு வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, புதியதை வாங்குவதா, பாவித்ததை வாங்குவதா என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. ஆனால் பதிலைக் கண்டுபிடிக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சந்தை ஏன் குழம்பியது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் 2025 பெப்ரவரியிலேயே அது மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து வருடங்களில் நாட்டுக்குள் இருந்த வண்டிகளே கைமாறி கைமாறி ஓடின. ஓடி முடிந்த வண்டிக்கும் வாங்கிய விலையைவிடக் கூடுதல் விலை கிடைத்த காலம் அது. 2024 ஜனவரி முதலாம் திகதி வற் வரி 18 வீதமாக உயர்ந்தது. இறக்குமதித் தீர்வைகளும் சேர்ந்ததால், கதவு திறந்த பின்னரும் புதிய வண்டியின் விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இதனால் இரண்டு தவறான எண்ணங்கள் மக்கள் மனதில் பதிந்துவிட்டன. 'மோட்டார் சைக்கிள் விலை குறையாது, எப்போதும் ஏறும்' என்பது ஒன்று. 'மைல் மீட்டரில் குறைவாக ஓடியிருந்தால் வண்டி நல்லது' என்பது மற்றது. முதலாவது, இறக்குமதி இல்லாத காலத்தின் கணக்கு. புதிய வண்டி வரும்போது பழையதன் விலை இறங்குவதே சந்தையின் இயல்பு. இரண்டாவதும் சரியல்ல. 2022ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடியில் கியூஆர் முறையின் கீழ் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் ஆரம்பத்தில் கிடைத்தது. அந்தக் காலத்தில் எத்தனையோ வண்டிகள் மாதக்கணக்கில் நின்றன. நின்ற வண்டியின் டாங்கியில் துரு பிடிக்கும், கார்புரேட்டரில் பழைய பெற்றோல் பசையாகப் படியும், ரப்பர் சீல்கள் காயும். ஓடாதது என்பதற்காக அது தேயாதது என்று சொல்ல முடியாது.

முதலில் தேவையைத் தீர்மானியுங்கள்

நமது நாட்டில் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. ஆகவே மணிக்கு 120, 130 கிலோமீற்றர் ஓடக்கூடிய பெரிய என்ஜினுக்குக் காசு கொடுப்பதில் வியாபாரிக்குப் பயன் குறைவு. மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவிலும் நக்கிள்ஸ் பக்கத்துக் கல்பாதையிலும் கைகொடுப்பது வேகமல்ல, பாரக்குறைவும் நிலத்திலிருந்து உயரமும்தான்.

உதாரணமாக, ரோயல் என்பீல்ட் ஹிமாலயனின் 411 சிசி மாதிரி இந்தியாவில் 2016இல் வந்தது. பாரம் 190 கிலோவுக்கு மேல். அதற்குப் பதிலாக 452 சிசி மாதிரி 2023 நவம்பரில் அறிமுகமானது. அதன் பாரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200இன் பாரமோ 155 கிலோவுக்கு உட்பட்டது. மண்ணில் விழுந்த வண்டியை ஒருவர் தனியாகத் தூக்கி நிறுத்தும்போது இந்த 40 கிலோ வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஜப்பானிலிருந்து வந்த ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பாஜா, யமஹா செரோ போன்றவை உறுதியானவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. உதிரிப்பாகம் கிடைக்குமா என்று விசாரித்த பின்னரே விலை பேச வேண்டும்.

வியாபாரியின் கணக்கு

இப்போது விடயத்துக்கு வருவோம். கீழே தரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்த உதாரணங்கள், சந்தை விலைகள் அல்ல. உங்கள் தொகைகளை இட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

புதிய வண்டி 12 இலட்சம் ரூபா. மூன்று வருடம் பாவித்து 8½ இலட்சத்துக்கு விற்கிறீர்கள். விலை இறக்கம் 3½ இலட்சம். பராமரிப்பு 90 ஆயிரம். மொத்தச் செலவு 4 இலட்சத்து 40 ஆயிரம்.

பாவித்த வண்டி 7 இலட்சம். வாங்கியவுடன் டயர், செயின், பெயாரிங் என்று 1 இலட்சம். ஆக முதல் 8 இலட்சம். மூன்று வருடத்தின் பின் 5 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு விற்கிறீர்கள். இறக்கம் 2 இலட்சத்து 20 ஆயிரம். பராமரிப்பு 1 இலட்சத்து 60 ஆயிரம். மொத்தச் செலவு 3 இலட்சத்து 80 ஆயிரம்.

இங்கே பலர் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் புதியதற்கு நீங்கள் 4 இலட்சம் கூடுதலாக முடக்கியிருக்கிறீர்கள். அந்தக் காசு கடையில் சரக்காகச் சுழன்றிருந்தால் வருடத்துக்கு 10 வீதம் இலாபம் தந்திருக்கும் என்று வைத்தால், வருடத்துக்கு 40 ஆயிரம், மூன்று வருடத்துக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். இதையும் சேர்த்தால் புதியதன் உண்மைச் செலவு 5 இலட்சத்து 60 ஆயிரம். பாவித்தது 1 இலட்சத்து 80 ஆயிரம் இலாபமானது என்று தெரிகிறது.

பொழுதுபோக்குக்காகவோ மாதத்தில் இரண்டொரு பயணத்துக்காகவோ வாங்குபவருக்குக் கணக்கு இத்துடன் முடிந்தது. நல்ல நிலையில் உள்ள பாவித்த வண்டியே அவருக்குப் பொருத்தம்.

ஆனால் வண்டியால் உழைப்பவருக்கு இன்னொரு வரி இருக்கிறது. அதுதான் வண்டி நிற்கும் நாள். அறுகம்பையில் சீசன் என்பது பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரையான ஐந்து மாதம்தான். அந்த 150 நாட்களில் உழைப்பதே முழு வருடத்தின் உழைப்பு. செலவு போக நாளொன்றுக்கு 4,000 ரூபா மிஞ்சுகிறது என்று வையுங்கள். புதியதைவிடப் பாவித்த வண்டி ஒவ்வொரு சீசனிலும் 15 நாள் கூடுதலாகக் கராஜில் நின்றால் மூன்று வருடத்தில் 45 நாள். 45 நாளுக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். மேலே சொன்ன இலாபம் முழுவதும் கரைந்துவிட்டது! 5 நாள் மட்டும் நின்றால் பாவித்தது 1 இலட்சத்து 20 ஆயிரம் இலாபம். 30 நாள் நின்றால் அதே அளவை விடவும் கூடிய நட்டம், அதாவது 1 இலட்சத்து 80 ஆயிரம்.

ஆகவே கேள்வி 'எது மலிவு?' என்பதல்ல. 'இந்த வண்டி சீசனில் எத்தனை நாள் நிற்கும்?' என்பதுதான். கொழும்பிலிருந்து ஒரு சாமான் வந்து சேர ஒரு வாரம் எடுத்தால், இரண்டு முறை பழுதானாலே 15 நாள் போய்விடும். உங்கள் ஊர் கராஜில் சாமான் கிடைக்கும் மாதிரியாக இருந்தால் பாவித்ததை யோசிக்கலாம். கிடைக்காத மாதிரியாக இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் யோசியுங்கள்.

புதியதிலும் இதே கேள்வி உண்டு. உத்தரவாதம் நிலைக்க வேண்டுமானால் முகவரிடமே சேர்விஸ் செய்ய வேண்டும் என்பது வழமையான நிபந்தனை. பொத்துவிலில் இருப்பவர் அதற்காக வெகுதூரம் போய்வந்தால் அதுவும் நிற்கும் நாள்தான். வாடகைக்கு விடும் வண்டிக்கு உத்தரவாதம் செல்லுமா என்பதையும் கையெழுத்து வைக்க முன் வாசித்துப் பாருங்கள்.

பாவித்ததைப் பரிசோதிக்கும் முறை

காலையில், என்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். முதலில் என்ஜினில் கை வைத்துப் பாருங்கள். ஏற்கனவே சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்கிறார்களோ என்று சந்தேகிக்கலாம்.

என்ஜினுக்குக் கீழேயுள்ள தகட்டைக் குனிந்து பாருங்கள். வண்டி எவ்வளவு கல்லில் அடிபட்டது என்பதை அது சொல்லும். பின் ராக் பொருத்தப்பட்ட இடங்களில் வெல்டிங் வெடிப்போ புதிய பெயின்டோ இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டிகள் அங்கேதான் வெடிக்கும். முன் ஷொக் குழாயில் துருப்புள்ளி இருந்தால் ஒயில் சீல் நிலைக்காது. முன்சில்லை உயர்த்தி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் தடக்கினால் பெயாரிங் போய்விட்டது. சில்லின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால், தளர்ந்த கம்பி மந்தமான சத்தம் தரும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். கடற்கரை ஊரில் ஓடிய வண்டியாயின் வயர் இணைப்புகளில் உப்புப் பச்சை படிந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பத்திரங்கள்

செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் பதிவுச் சான்றிதழுடன் ஒத்துப்போக வேண்டும். அதில் அப்சலூட் ஓனர் என்று லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், அது நீக்கப்படும் வரை விற்பவருக்கு முழு உரிமை இல்லை. 'ஓபன் பேப்பர்' என்று கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு வாங்குவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். உரிமை மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிப்பது விற்பவர், வாங்குபவர் இருவரதும் கடமை. அந்த வண்டி ஒரு விபத்தில் சிக்கினால், விற்றுவிட்டேன் என்று நினைத்திருந்தவரையே பொலிஸ் தேடிவரும்.

வாடகைக்கு விடுவதாயின் சாதாரண தனியார் காப்புறுதி போதாது. வாடகைப் பாவனையையும் உள்ளடக்கும் காப்புறுதி வேண்டும். எடுத்துச் செல்லும் பயணியிடம் இலங்கையில் செல்லுபடியாகும் மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

குறையை மறைத்தால்

இந்த வியாபாரத்தில் வாங்குபவரைவிட விற்பவருக்கே பொறுப்பு அதிகம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கை வைத்து ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைக்காத வியாபாரியைக் கடுமையாகக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மைல் மீட்டரைத் திருப்புவதும், வெடிப்பின் மேல் பெயின்ட் அடிப்பதும் அந்த ஈரத்தை மறைப்பதேயாகும். மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹ் சட்டத்தில் உள்ள விடயம். ஆகவே தெரிந்த குறைகளை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. அது விற்பவருக்கும் பாதுகாப்பு.

காசு போதாவிட்டால் வட்டியின் பக்கம் போக வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இஸ்லாமிய முறை நிதி வசதிகள் நமது நாட்டில் வளர்ந்துள்ளன. முராபஹா முறையில் நிறுவனம் வண்டியை முதலில் தான் வாங்கி, அடக்க விலையையும் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி உங்களுக்கு விற்கும். இஜாரா முறையில் வண்டி நிறுவனத்துக்கே சொந்தம், நீங்கள் வாடகை செலுத்துவீர்கள். தவணை பிந்தினால் அறவிடும் தொகை எங்கே போகிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸக்காத் விடயத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. சொந்தப் பாவனைக்கோ வாடகைக்கோ வைத்திருக்கும் வண்டியின் பெறுமதிக்கு ஸக்காத் இல்லை. அதன் வருமானத்திலிருந்து சேரும் பணத்தையே கணக்கில் சேர்க்க வேண்டும். வாங்கி விற்பதற்காக வைத்திருக்கும் வண்டி வியாபாரச் சரக்காகும். அதன் சந்தை விலையை ஸக்காத் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், வண்டியால் உழைப்பவர், ஊரில் சாமான் கிடைக்காதவர், நல்ல மெக்கானிக் ஒருவரின் துணை இல்லாதவர் ஆகியோர் புதியதை வாங்கட்டும். கடையில் முதல் சுழலும் வியாபாரி, நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துச் செல்ல முடியுமானால், பத்திரம் சுத்தமான பாவித்த வண்டியைத் தாராளமாக வாங்கலாம். எதை வாங்கினாலும் காசைக் கொடுக்க முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நமது முதலீடுகளில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.