கேரித் தீவின் கைவினை ஆசான்கள்



ஆசிரியர் என்றாலே கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் நம் நினைவிற்கு வருகின்றன. இவ்விரண்டும் இல்லாமல், பாடநூல் ஒன்றுகூட இல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்திவரும் ஆசான்களைச் சென்ற ஆண்டு நம் பள்ளி மாணவர்களுடன் சென்று கண்டோம். அவர்கள் கேரித் தீவில் வாழும் மா மெரி மக்கள்.

சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளான் துறைமுகத்திற்குத் தெற்கே கடலோரமாக அமைந்துள்ளது கேரித் தீவு. தீவு என்று பெயரே தவிர, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்து பேருந்திலேயே சென்றுவிடலாம். பாலத்தைக் கடந்ததும் இரு புறமும் செம்பனை. "ஐயா, நம் தோட்டத்திற்கே திரும்பிவிட்டோமா?" என்று மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். அவன் கேட்டதில் பிழையில்லை. அங்கும் தமிழர் உழைக்கும் தோட்டங்கள் உள்ளன, தமிழ்ப்பள்ளிகளும் உள்ளன.

தீபகற்ப மலேசியாவின் பூர்வக்குடிகளான ஓராங் அஸ்லி மக்களை 18 இனக்குழுக்களாக வகுத்துள்ளனர். அவற்றுள் ஒன்றே மா மெரி. அவர்தம் மொழியில் 'மா' என்றால் மக்கள். 'மெரி' என்றால் காடு. அம்மொழி மலாய்மொழியின் கிளையன்று; பர்மாவின் மோன் மொழிக்கும் கம்போடியாவின் கெமர் மொழிக்கும் உறவுடையது. இன்று அதனைப் பேசுவோர் தொகை மிகக் குறைவு.

மா மெரி ஆடவர் மரச் சிற்பத்தில் வல்லவர். தங்கள் மூதாதையரின் ஆவிகளை 'மோயாங்' என்று போற்றி, அவற்றிற்கு உருவம் கொடுக்கின்றனர். சிலைகளுக்கு 'நீரே பத்து' என்னும் செந்நிற வன்மரம். இது கடலோரச் சதுப்பு நிலத்தில் மெல்ல வளர்வது, நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. முகமூடிகளுக்கு இலேசான 'பூலாய்' மரம். இது நம் நூல்கள் கூறும் ஏழிலைப்பாலையின் இனமாகும். ஏழிலைப்பாலைக்குத் தாவரவியலார் இட்ட பெயரில் பள்ளியைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு. முற்காலத்தில் அதன் பலகையில் பிள்ளைகள் எழுதிப் பழகியதே காரணம். மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

சங்கிலி பூண்ட புலியின் சிலை ஒன்றைக் கண்டோம். புலியும் சங்கிலியும் ஒரே கட்டையில் செதுக்கப்பட்டவை. வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துத் தனித்தனியே ஆடுகின்றன. எங்கும் ஒட்டு இல்லை. பிள்ளைகள் சங்கிலியைத் திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்தனர்.

எனினும் நம் நெஞ்சில் பதிந்தது பெண்களின் பின்னல் வேலையே. சுங்கை பும்புன் கிராமத்துப் பெண்கள் தாழையின் இனமாகிய பண்டான், மெங்குவாங் இலைகளைக் கொண்டு பாய், கூடை, பேழை முதலியன முடைகின்றனர். ஊரில் தாழம்பாயில் படுத்து வளர்ந்த நம் பாட்டிமார்க்கு இது விளங்கும். பின்னல் என்றவுடன் விரல்கள் ஓடுவதையே நாம் எண்ணுகிறோம். உண்மையில் வேலையின் பெரும்பகுதி பின்னுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இலையை அறுத்து, இரு ஓரத்து முள்ளையும் நடுநரம்பு முள்ளையும் நீக்கவேண்டும். அனலில் வாட்டிப் பதப்படுத்தவேண்டும். பற்கள் வரிசையாகப் பொருத்திய 'ஜங்கா' என்னும் சிறு கருவியால் ஒரே அகலமுள்ள கீற்றுகளாகக் கிழிக்கவேண்டும். மூங்கில் துண்டால் உருவி மென்மையாக்கி, சில நாள்கள் நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தவேண்டும். சாயம் வேண்டுமாயின் அதன் பின்னரே காய்ச்சவேண்டும். மழை பிடித்துக்கொண்டால் கீற்றில் பூஞ்சை பூத்துவிடும், பாடு வீண்.

இவையன்றி, ஆற்றுச் சேற்றில் வளரும் நீப்பாவின் இளங்குருத்தை மடித்துப் பூவும் பறவையும் செய்கின்றனர். மூதாதையர் விழாவாகிய 'ஹரி மோயாங்' நாளில் இவை வழிபாட்டிடத்தை அணிசெய்கின்றன. அத்தாப்புக் கூரையின்கீழ் வாழ்ந்த நம் முதியோர்க்கு நீப்பா ஓலை புதிதன்று. அது கூரையாகும் என்று மட்டுமே நாம் அறிந்திருந்தோம்.

நம் மாணவியர்க்குப் பின்னல் கற்றுத்தர முதிய பெண்மணி ஒருவர் அமர்ந்தார். பிள்ளைகள் அவரை 'மாக் சிக்' என்று அழைத்தனர். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு, நோக்கம், படிநிலை, மதிப்பீடு எனப் பலவும் பயின்று வந்தவர் நாம். அந்த அம்மையார் எப்படித் தொடங்குவார் என்று ஆவலுடன் நோக்கினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான்கு கீற்றுகளைத் தம் மடியில் வைத்து மெதுவாக ஒருமுறை பின்னினார், பிரித்தார், மறுபடி பின்னினார். பிறகு கீற்றுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தவறிய இடத்தில், "தவறு" என்று அவர் சொல்லவுமில்லை, தாமே திருத்தித் தரவுமில்லை. தவறு நேர்ந்த இடம்வரை பிரித்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். இவ்வாறு ஆறு முறை நடந்தது. ஏழாம் முறை வரி நேராக வந்தது. நாமாக இருந்தால் இரண்டாம் முறையே பொறுமையிழந்திருப்போம் என்பதனை ஒளிக்காமல் கூறுகிறோம்.

அம்மையாரின் மருமகள் மலாய்மொழியில் ஒரு செய்தி சொன்னார். பின்னக் கற்றுத்தருவது கடினமன்று. இலை கிடைப்பதே கடினம் என்றார். சிற்பிகளும் நீரே பத்து மரத்திற்கு இவ்வாறே ஏங்குகின்றனர். ஏன்? இத்தீவின் பெயர் எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்டக்காரரால் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல், இங்கிருந்த சதுப்புக் காடு அழிக்கப்பட்டு, கரை கட்டி, வடிகால் வெட்டி, தோட்டமாக்கப்பட்டது. முதலில் ரப்பர், பின்னர்ச் செம்பனை. வெட்டச் சொன்னவர் வேறு. வயிற்றுப் பாட்டிற்காக மண்வெட்டி பிடித்தவர்களுள் நம் பாட்டன்மாரும் இருந்தனர். நம் லயங்கள் எழுந்த இடத்தில் அவர்தம் மூலப்பொருள் நின்றிருந்தது. அம்மையாரிடம் இதைப் பேச நமக்கு நா எழவில்லை. பேசியிருக்கலாம் என்று திரும்பும் வழியில் தோன்றியது.

வேறொன்றும் தோன்றியது. நம் தோட்டத்தில் குருத்தோலைத் தோரணம் கட்டுவதில் பெயர்பெற்ற முதியவர் ஒருவர் இருந்தார். கிளி, வெட்டுக்கிளி, பூங்கொத்து, பெட்டித் தோரணம் என அவர் கை எத்தனையோ செய்யும். கோயில் திருவிழாப் பந்தல் அவராலேயே நிறையும். ஒரு நாள் பள்ளிக்கு வந்து, "ஐயா, நாலு பிள்ளைகளை அனுப்புங்கள், எனக்கு இனி ஏணி ஏற முடியாது," என்றார். அப்பொழுது யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்வு முடியட்டும் தாத்தா என்று கூறி அனுப்பினோம். தேர்வு முடிந்தது, விடுமுறையும் வந்தது, அடுத்த ஆண்டுத் தேர்வும் வந்தது. அவர் மறைந்தார். அவ்வாண்டுத் திருவிழாவிற்குக் கிள்ளானில் வாங்கிய பிளாஸ்டிக் தோரணமே தொங்கியது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது.

தாத்தாவின் மருமகள் மூன்று வகை மடிப்பு மட்டும் அறிந்திருக்கிறார். மற்றவை அவருக்கு நினைவில்லை. "மூன்றுதானே ஐயா, இதற்கு ஒரு வகுப்பா?" என்று கூசினார். மூன்றும் போதும் என்று வற்புறுத்தி அழைத்துவந்தோம். இவ்வாண்டு முதல் வெள்ளிக்கிழமை பிற்பகலில் பள்ளி மண்டபத்தில் அவர் கற்பிக்கிறார். இப்போது பதினொரு பிள்ளைகள் வருகின்றனர். அவர்களுள் நால்வர் ஆண்பிள்ளைகள். கேரித் தீவில் ஆறு முறை பிரித்துப் பின்னிய அந்த மாணவியும் வருகிறாள்.

வீட்டருகே தென்னை வைத்திருக்கும் பெற்றோர்கள் வியாழன் மாலையில் குருத்தோலை கொடுத்துதவ வேண்டுகிறோம். ஒரு மரத்திலிருந்து ஒரு குருத்துக்கு மேல் வேண்டா. அதையும் நுனிமொட்டில் கத்தி படாமல் அறுக்கவேண்டும், இல்லையேல் மரம் கெடும். ஈரத்துணியில் சுற்றி அனுப்பினால் மறுநாள்வரை வாடாது. பழைய மடிப்பு ஏதேனும் அறிந்த தாத்தா பாட்டிமார் லயங்களில் இருப்பின், பிள்ளைகள் மூலம் சொல்லியனுப்புங்கள். நாமே வந்து அழைத்துச் செல்வோம்.